இடப்பக்கத்து வாங்கு

றினோஸின் கடையில் இரண்டு வாங்குகள் கிடக்கின்றன. வலது பக்கத்து வாங்கு நீளமானது. அதற்கு மேலே காற்றாடி சுற்றும், தெருவும் தெரியும். மிளகு கொண்டுவருகிறவர்கள் அதில்தான் சாய்ந்து உட்காருவார்கள். இடது பக்கத்து வாங்கு கட்டையானது, மேசையின் மூலைக்கும் கராம்புச் சாக்குகளுக்கும் நடுவில் இடுங்கிக் கிடக்கும், ஒரு கால் கொஞ்சம் ஆடும். பின்னேர அஸர் தொழுதுவிட்டு வருகிற ஹுஸ்னி அதில்தான் உட்காருவான்.

அவன் உட்காருவதில் ஒரு ஒழுங்கு உண்டு. வாசலில் ஸலாம் சொல்வான். நானாவின், அண்ணன் றினோஸின், முன்னால் போகமாட்டான். கதிரைக்குப் பின்னால் சுற்றிப் போவான். முழங்காலால் ஒரு சாக்கைத் தள்ளுவான். உள்ளங்கையை வாங்கில் அழுத்தி, ஆடுகிற காலை நிலைக்கு வைத்து, சத்தமில்லாமல் அமர்வான். அதற்குப் பிறகுதான் அவன் மூச்சு விடுவது கேட்கும். கொஞ்ச நேரத்தில் கடைக்குப் பின்னாலிருக்கும் வீட்டிலிருந்து மதினி நிஷ்மியா பால் கலக்காத பிளேன்டி அனுப்புவாள். பீரிசில் கோப்பையோடு மடித்த லேஞ்சி ஒன்றும் வரும். கோப்பையின் அடியில் ஒட்டிய ஈரத்தை அவன் அதால் துடைப்பான். பிறகு முகத்தைத் துடைப்பான். பிறகு அதை மடியில் வைத்துக்கொள்வான்.

காற்று வராத அந்த மூலையில் என்ன இருக்கிறதென்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டதுண்டு. ஹுஸ்னி சிரித்து மழுப்புவான். றினோஸுக்கு இடது கண் போய்விட்டது. அந்தப் பக்கத்தில் உட்கார்ந்தால் நானா தன் முகத்தைப் பார்க்கமாட்டார். ஹுஸ்னிக்கு அது போதும்.

இரண்டு பேருக்கும் இரண்டு வயதுதான் வித்தியாசம். ஒரே நெற்றி, ஒரே மூக்கு. முப்பது வயதில் ஒரே மாதிரி தாடியும் வைத்துக்கொண்டார்கள். மாத்தளைக் கடைத்தெருவில் பாதிப்பேர் ஒருவனைக் கூப்பிட்டு மற்றவனோடு கதைப்பார்கள். ஹுஸ்னி சீகிரியாவில் ஒரு ஹோட்டலுக்கு வேன் ஓட்டுகிறான். றினோஸ் வாப்பாவின் சரக்குக் கடையைப் பார்த்துக்கொள்கிறான். பல்லேகம பக்கத்திலிருந்து வருகிற மிளகை வெள்ளைத் தட்டில் பரப்பி, ஒரு பார்வையில் பதரைச் சொல்லிவிடுவான்.

பள்ளிக்கூடத்தில் ஒருமுறை ஊசி போட நர்ஸ்மார் வந்தார்கள். ஹுஸ்னி கக்கூசுக்குள் போய்க் கொண்டியைப் போட்டுக்கொண்டான். தன் வகுப்பில் ஊசி வாங்கிய றினோஸ், சட்டைக் கையை இறக்கிவிட்டு, தம்பியின் வகுப்பு வரிசையில் போய் நின்று இன்னொரு ஊசியும் வாங்கினான். இரண்டு கையும் வீங்கி இரண்டு நாள் காய்ச்சல். உம்மா எவ்வளவு கேட்டும் அவன் வாய் திறக்கவில்லை. றினோஸுக்குப் பொய் வராது. பொய் சொல்ல வேண்டிய இடத்தில் சும்மா இருந்துவிடுவான், அவ்வளவுதான். அந்த வீட்டில் அதன்பிறகு அது ஒரு வழக்கம் மாதிரி ஆகிவிட்டது: ஹுஸ்னிக்குப் பயமான வரிசைகளில் றினோஸ் நிற்பான்.

ஹுஸ்னிக்கு முப்பத்தைந்தில் சீனி வியாதி பிடித்தது. சீனிக் கிளினிக்கில் ஒவ்வொரு முறையும் "கண்ணப் பாத்தீங்களா?" என்று கேட்பார்கள். ஐந்து வருடமாக ஒவ்வொரு முறையும் அவன் அடுத்த மாதம் என்றான். அவனோடு வேன் ஓட்டிய ஒருவரைக் கண் பரிசோதனைக்குப் பிறகு தோட்ட வேலைக்கு மாற்றியிருந்தார்கள். அந்த மனிதர் குழாயைப் பிடித்துக்கொண்டு, போகிற வருகிற வேன்களைப் பார்த்தபடி புல்லுக்குத் தண்ணீர் அடிப்பதை ஹுஸ்னி தினமும் பார்த்தான். அடுத்த வருடம் ஹோட்டலே சொல்லிவிட்டது: சீனி உள்ள சாரதிகள் எல்லாரும் கண்ணை ஸ்கேன் எடுத்துக் கடிதம் கொண்டுவர வேண்டும்.

அன்று பின்னேரமே அவன் கடைக்குப் போனான். அப்போது அவன் வலது பக்கத்து வாங்கில்தான் உட்காருவான்.

"நானா, ஒரு ஒதவி."

"என்ன, திரும்பவும் வேனக் கொண்டுபோய் எங்கயாலும் இடிச்சிட்டியா?"

"இல்ல. கண்ணக் காட்டணுமாம்."

"காட்டு. நல்ல கண்தானே. சின்னப் புள்ளேல பக்கத்து ஊட்டு மாங்கா எல்லாம் ஒனக்குத்தானே மொதல்ல தெரியும்."

"வெளையாடாதீங்க நானா. எனக்கி ஆறு வருசமா சீனி ஈக்கு. கண்ணுல என்னமும் ஈந்தா வேல போகும். ஒங்களுக்கு ஒரு நோயும் இல்ல. ஒரு குளுச கூட முழுங்கினதில்ல நீங்க. எனக்காக ஒருக்கா…"

றினோஸ் கையிலிருந்த மிளகைத் தட்டில் கொட்டினான்.

"பேரக் கேட்டா நான் செல்லமாட்டேன். அத நீயே செல்லு. நான் கண்ண மட்டும் காட்டுறேன்."

அப்படியே நடந்தது. நகரத்தில் புதிதாகத் திறந்திருந்த கண் நிலையத்தின் கவுண்டரில் ஹுஸ்னி தன் பெயரையும் அடையாள அட்டையையும் தொலைபேசி இலக்கத்தையும் கொடுத்தான். உள்ளேயிருந்து "ஹுஸ்னி" என்று கூப்பிட்டபோது எழுந்து போனது றினோஸ். அரை மணித்தியாலத்தில் சிரித்துக்கொண்டே வெளியே வந்தான்.

"எழுத்தெல்லாம் கடைசி வரி வரைக்கும் வாசிச்சேன். பொறகு ஒரு மெசினுக்குள்ள நாடிய ஊண்டி மொகத்த வெக்கச் சென்னாங்க. உள்ளுக்குப் பச்சையா ஒரு கூட்டல் அடையாளம். அதையே பாக்கணுமாம், கண்ணச் சிமிட்டக் கூடாதாம். கணக்குப் பாடத்துல கூட நான் அவ்வளவு நேரம் கூட்டலப் பாத்ததில்லடா."

எழுத்து வாசித்ததையும் ஸ்கேன் எடுத்ததையும் எழுதிய துண்டை அன்றைக்கே கையில் கொடுத்தார்கள். ஹோட்டலுக்கு அது போதுமாயிருந்தது. ஸ்கேன் படத்தை சனிக்கிழமைகளில் வருகிற பெரிய டொக்டர் பார்த்துவிட்டு அறிவிப்பார் என்றார்கள். ஹுஸ்னி அதை மறந்தே போனான்.

பத்து நாளில் கடிதம் வந்தது. அவன் பெயருக்கு, அவன் வீட்டுக்கு. இடது கண்ணின் நடுப்பகுதியில் சிறிய இரத்தக் குழாய்கள் சில அடைபட்டிருக்கின்றன. பார்வை இப்போது நன்றாக இருந்தாலும் ஒரு மாதத்துக்குள் வந்து காட்டவும். இரத்தத்தில் சீனியின் அளவையும் உடனே பார்க்கவும்.

முதலில் அவன் தன் இடது கண்ணைத்தான் தொட்டுப் பார்த்தான். தொட்ட பிறகே விளங்கியது, அது தன்னுடைய கண் அல்ல என்று.

அந்த நிமிடமே வேனை எடுத்துக்கொண்டு கடைக்குப் போயிருக்கலாம். ஹோட்டலுக்குப் போகிற வழியெல்லாம் அதைத்தான் நினைத்தான். ஆனால் நானா கிளினிக்குக்குப் போனால், எந்தப் பெயரில் போவார்? றினோஸ் என்று போனால் இந்தப் படம் யாருடையது என்று கேட்பார்கள். ஹுஸ்னி என்று போனால் வைத்தியம் ஹுஸ்னிக்கு நடப்பதாக ஹோட்டலுக்குத் தெரியும். கண்டிப் பெரஹரா ஊர்வல மாதம், வேனுக்கு ஓய்வில்லாத நேரம். இந்த சீசன் முடியட்டும் என்று கடிதத்தை நாலாக மடித்து வேனின் டேஷ்போட்டுக்குள் வைத்தான்.

ஒரேயொரு தடவை சொல்லிப் பார்த்தான்.

"நானா, ஒருக்கா சீனி பாருங்களேன்."

"என்னத்துக்கு? ஒனக்கு ஈந்தா எனக்கும் ஈக்கணுமா? எல்லாத்தயும் சரிபாதியா பிரிக்க வாப்பா காணியா உட்டுப் போனார்?"

ஹுஸ்னி சேர்ந்து சிரித்தான். கிளினிக்கிலிருந்து மூன்று முறை அழைப்பு வந்தது. முதல் முறை வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டிருந்தான். இரண்டாம் முறை இலக்கத்தைப் பார்த்துவிட்டு எடுக்கவில்லை. மூன்றாம் முறை எடுத்து, "வாறேன் மிஸ், கட்டாயம் வாறேன்" என்றான். சீசன் முடிந்தது. பிறகு டிசம்பர் சீசன் வந்தது.

கடிதம் வந்து எட்டாம் மாதம், பல்லேகமவிலிருந்து வந்த ஒருவர் தட்டில் பரப்பிய மிளகைக் காட்டி, "முதலாளி, பூஞ்சணம் புடிச்சதையும் சேத்து எடுக்கிறீங்களே, எனக்கு லாபம்தான்" என்று சிரித்தார். றினோஸ் தட்டைக் கண்ணருகே கொண்டுபோனான், தள்ளிப் பிடித்தான். வலது பக்கத்து வாங்கில் உட்கார்ந்திருந்த ஹுஸ்னி அதைப் பார்த்தான்.

"ரெண்டு மூணு கெழமையா இந்தக் கண்ணு ஒரு மாதிரி. பொகை அடிச்ச மாதிரி" என்றான் றினோஸ், பெரிதுபடுத்தாமல்.

மறுநாள் காலையிலேயே ஹுஸ்னி அவனை அதே கண் நிலையத்துக்குக் கூட்டிக்கொண்டு போனான். இந்த முறை கவுண்டரில் றினோஸே தன் பெயரைச் சொன்னான். ஊசியால் விரலில் குத்தி இரத்தம் எடுத்தார்கள். சீனி, ஹுஸ்னிக்கு இருந்ததைவிட இரண்டு மடங்கு.

ஸ்கேன் அறை இருட்டாக இருந்தது. படம் எடுக்கிற பெண் அனுஷியா. எல்கடுவப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து படித்து வந்தவள். துணைக்கு வந்தவர் நிற்கலாம் என்று அவள் சொன்னதால் ஹுஸ்னி சுவரோடு நின்றான்.

"நெத்திய நல்லா ஒட்டிக்கோங்கண்ணே. பச்ச அடையாளத்தப் பாருங்க. அசையாதீங்க."

"இப்ப கூட்டல் பாதிதான் தெரியுதும்மா" என்றான் றினோஸ்.

திரையில் படம் வந்தது. ஹுஸ்னி கண்ணின் உட்புறம் ஏதோ சிவப்பாக இருக்கும் என்று நினைத்திருந்தான். வந்தது கறுப்புத் தாளில் வெள்ளையாய் விரிந்த வேர். அனுஷியா அதை ஒரு பெட்டியைத் திருப்புவதுபோலத் திரையில் திருப்பினாள். பக்கவாட்டில் பார்த்தால் அது தட்டையாக இல்லை. மேலே ஒரு வலை, அதற்குக் கீழே இன்னொரு வலை, இரண்டையும் இணைக்கிற மெல்லிய இழைகள். மேல் வலையை அவள் உரித்து எடுத்தாள். கீழ் வலை தனியாக நின்றது. அதன் நடுவில் ஒரு பெரிய கறுப்பு.

"அந்தக் கறுப்பு என்ன மிஸ்?"

"மெசினு ஒரே எடத்த திரும்பத் திரும்பப் பாக்கும்ணே. ரத்தம் ஓடுனா அசைவு தெரியும், அத வரையும். ஓடாத எடத்த வரையாது. அப்பிடியே விட்டுரும்."

சொல்லிக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கறுப்புக்குக் கொஞ்சம் மேலே, ஒரு இரத்தக் குழாய் நேராகப் போகாமல் தன்னைத்தானே ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு போனது, பாகற்கொடியின் சுருள் மாதிரி.

"இந்தச் சுருள நான் பாத்திருக்கேன். இத மாதிரி இன்னொன்னு இங்க வந்ததில்ல. டொக்டர்கிட்டயும் காட்டுனேனே."

அவள் பழைய படங்களைத் தேடினாள். ஹுஸ்னிக்கு அங்கிருந்து போய்விட வேண்டும் போலிருந்தது. கதவு அவள் கதிரைக்குப் பின்னால் இருந்தது. படம் கிடைத்தது. இரண்டையும் அருகருகே வைத்தாள். அதே சுருள், அதே கிளைகள். பழையதில் நடுக் கறுப்பு ஒரு மிளகளவு. புதியதில் ஒரு சாதிக்காயளவு. பழைய படத்தின் மேலே ஹுஸ்னியின் பெயர் இருந்தது.

"ஹுஸ்னிங்கறது யாரு?"

ஹுஸ்னி சுவரோடு இன்னும் ஒட்டிக்கொண்டான். அனுஷியா பழைய படத்தின் சுருளில் விரலை வைத்தாள்.

"ஒருத்தர் கண்ணுல இருக்கிற மாதிரி இன்னொருத்தருக்கு இருக்காதுண்ணே. கூடப் பொறந்தவங்களுக்கும் இருக்காது. இது ஒங்க கண்ணுதான். போன தடவ படம் எடுத்தப்பவே டொக்டர் வரச் சொல்லிட்டாரு. லெட்டர் போட்டோம். நான்தான் மூணு தடவ கால் எடுத்தேன். வாறேன்னு சொன்னீங்க. அப்பவே வந்திருந்தா…"

றினோஸ் நாடியை இயந்திரத்திலிருந்து எடுத்தான். தம்பி நிற்கும் பக்கம் திரும்பவில்லை. முதலில் அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை என்றுதான் தெரிந்தது. பிறகு விளங்கியது, தோள்கள் மெல்ல இறங்கின.

"லெட்டர் வந்திச்சி" என்றான். "நான்தான் வரல்ல. கடையில வேல."

ஹுஸ்னி அறிய, நானா வாய் திறந்து சொன்ன முதல் பொய் அது.

"வாறேன்னு சொன்ன கொரலு…" என்று அனுஷியா ஆரம்பித்து, சுவரோடு நின்றவனைப் பார்த்துவிட்டு, விட்டுவிட்டாள். ஹுஸ்னி அந்த இடத்தில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான்தான் என்ற ஒரு சொல். அது வரவில்லை. கக்கூசுக்குள் கொண்டியைப் போட்டுக்கொண்டு, வெளியே வரிசை நகருகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்ற அதே ஆள்தான் இங்கேயும் நின்றான்.

அன்றைக்கே அவனுடைய கண்ணையும் படம் எடுக்கச் சொன்னது றினோஸ்தான். "வந்தது வந்தாச்சி, இவனுக்கும் எடுங்கம்மா. இவனுக்குத்தான் ஆறு ஏழு வருசமா சீனி."

ஹுஸ்னி நாடியை வைத்தான். பச்சைக் கூட்டல் முழுதாக, கூர்மையாகத் தெரிந்தது. சிமிட்டாமல் பார்த்தான். அனுஷியா அவனுடைய படத்தையும் திருப்பினாள், உரித்தாள், கீழ் வலையைக் காட்டினாள். எல்லாருக்கும் நடுவில் இருக்கிற கடுகளவுப் பொட்டைத் தவிர எங்கேயும் ஓட்டையில்லை.

"டொக்டரும் பாக்கணும். ஆனா எனக்குத் தெரிஞ்சு ஒங்களுக்கு ஒன்னும் இல்லண்ணே. சுத்தமா இருக்கு."

அவளுடைய குரலில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. இருந்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

திரும்பும் வழியில் றினோஸ் வேனின் முன் இருக்கையில் உட்கார்ந்து ஜன்னலால் பார்த்துக்கொண்டு வந்தான். மணிக்கூட்டுச் சந்தியில் மாத்திரம் பேசினான்.

"அப்ப சின்னப் புள்ளேல ரெண்டு ஊசி. இப்ப கண்ணுக்குள்ளயே போடுறாங்களாம்டா. இதுக்கும் வரிசேல நிக்க ஆள் கெடைக்குமா பாரு."

ஹுஸ்னி வீதியையே பார்த்து ஓட்டினான். டேஷ்போட்டுக்குள் அந்தக் கடிதம் இருந்தது. நானாவின் முழங்காலுக்கு ஒரு சாண் தூரம்.

வலது கண்ணை டொக்டர் காப்பாற்றிவிட்டார். இடது கண்ணுக்கு ஐந்து ஊசி போட்டும், இரத்தம் போகாத இடத்தில் அது வேலை செய்யவில்லை. ஹோட்டலுக்குப் போய் நடந்ததையெல்லாம் ஹுஸ்னி சொன்னான். மேனேஜர் மஹத்தயா அவனுடைய சொந்தக் கண்ணுக்கு வந்த புதிய கடிதத்தை வாசித்துவிட்டு, கண் நன்றாக இருக்கிறதே, போய் வேலையைப் பார் என்று சிங்களத்தில் சொல்லிச் சாவியைக் கையில் கொடுத்தார். குழாயைக் கொடுத்துப் புல்லுக்குத் தண்ணீர் அடிக்கச் சொல்வார் என்று ஹுஸ்னி எதிர்பார்த்திருந்தான். சாவி கையில் சுட்டது.

அன்று பின்னேரம்தான் அவன் முதல்முறையாக இடது பக்கத்து வாங்குக்குப் போனான். மன்னிப்புக் கேட்க என்று வந்தவன், நானாவின் முகத்துக்கு முன்னால் நிற்க முடியாமல் பின்னால் சுற்றிப் போய் உட்கார்ந்தான். உட்கார்ந்ததும் முகம் தானாகக் கலைந்தது, கண்ணீரைச் சட்டைக் கையால் துடைத்தான். அங்கே அதைக் காவல் காக்க வேண்டியிருக்கவில்லை. றினோஸ் நேரே பார்த்தபடி மிளகைத் தடவிக்கொண்டிருந்தான், தலையைத் திருப்பவேயில்லை. மறுநாளும் அப்படி. அதற்கடுத்த நாளும். மிளகை அவன் இப்போது பல்லில் கடித்தும், விரலால் நசுக்கியும் பார்க்கிறான். ஒவ்வொரு கடிக்கும் இந்தப் பக்கத்தில் ஒருவன் முகத்தைத் துடைத்துக்கொள்வான். மன்னிப்பு மட்டும் வாயிலிருந்து வரவில்லை. பத்து மாதம் இப்படிப் போனது.

போன மாதம் மறுபடியும் படம் எடுக்கப் போனார்கள். மருந்துத் துளி விட்டுக்கொண்டு றினோஸ் வெளி விறாந்தையில் கண்ணை மூடி இருந்தான். ஹுஸ்னி ஸ்கேன் அறை வாசலில் நின்று அனுஷியாவிடம் கேட்டான்.

"மிஸ், அந்தக் கண்ணு முழுசா இருட்டுத்தானே?"

"யார் சொன்னா? இந்தப் படத்துல வாறது கண்ணோட நடு எடம் மட்டுந்தாண்ணே. ஆறு மில்லிமீட்டர். வாசிக்கிறது, ஊசி கோக்குறது, முன்னால நிக்கிறவங்க மொகத்த பாக்குறது எல்லாம் அந்த எடம். அதுதான் போச்சு. சுத்தி இருக்கிறது நல்லா வேல செய்யிது."

"அப்ப… பக்கத்துல ஒராள் ஈந்தா?"

"பக்கத்துல இருந்தா தெரியும். நேரா பாத்துக்கிட்டு இருக்கிறப்ப எடப்பக்கம் தெரியிறதே அந்தக் கண்ணாலதானே. மூக்கு முழி சரியா தெரியாட்டியும், ஆளு என்ன செய்யிறாருன்னு தெரியும். கைய தூக்குறது, மொகத்த தொடைக்கிறது எல்லாம்."

அன்று பின்னேரம் அவன் கடைக்குள் போகவில்லை. பின்பக்கத்தால் வீட்டுக்குப் போனான். குசினியில் நிஷ்மியா பீரிசில் கோப்பையை வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் கழுவி மடித்த லேஞ்சி.

"மதினி, இத என்னத்துக்கு தேத்தண்ணியோட வெக்கிறீங்க?"

"எனக்கென்ன தெரியும் தம்பி? நீங்க அந்தக் கட்ட வாங்குல வந்து ஒக்காந்த மொத நாளே ஒங்கட நானாதான் வெக்கச் சென்னார்."